ஒப்புக்கொண்ட சூடு

அர்ச்சனாவின் இடுப்பில் இருந்த அந்தக் கறுப்பு வட்டத்தை முதலில் பார்த்தவள் அவளைப் பெற்ற கோவிந்தம்மாதான். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல். வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிடலாம் என்று புதன்கிழமை காலையில் மருமகன் வீட்டுக்குப் போனாள். பாவாடை நாடாவைத் தளர்த்தியபோது இடப்பக்கம் அது இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. நடுவில் கரிந்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. எரிகிற பீடியை வைத்து அழுத்தினால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

கோவிந்தம்மாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் உண்டு. மருமகன் ஜெகதீஸ்வரன் பீடி குடிப்பவன். போன தீபாவளிக்கு மறுநாள் அர்ச்சனா கன்னம் வீங்கி வந்து, "படகு வெளும்புல இட்ச்சிக்கினேன்மா" என்றாள். எந்தப் படகு விளிம்புக்கு ஐந்து விரல் இருக்கிறது? அன்றைக்குக் கோவிந்தம்மா வாயைக் கட்டிக்கொண்டாள். அவள் வாயைக் கட்டிக்கொண்டது வாழ்நாளிலேயே அந்த ஒரு தடவைதான். அதை நினைத்து நினைத்து ஒரு வருஷம் புழுங்கியிருந்தாள்.

"இன்னாடி இது?"

"எது?"

"இடுப்புல."

அர்ச்சனா விரலால் தடவிப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. "தெரிலமா. வலிக்கவே இல்ல."

வலிக்கவில்லையாம்! சுட்ட இடம் வலிக்காமல் குளுகுளுவென்றா இருக்கும்? புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். இந்தக் காய்ச்சலும் அந்தப் புண் உள்ளுக்குள் பழுத்ததால் வந்த காய்ச்சல். கோவிந்தம்மாவுக்கு எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பொருந்தாமல் நின்றது மகளின் வார்த்தை ஒன்றுதான். அதைத் தூக்கித் தூரப் போட்டாள்.

ஜெகதீஸ்வரன் வலை எடுக்க ஏரிக்குப் போயிருந்தான். அவன் வருவதற்குள் மகளின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவழியே தன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். சும்மா வரவில்லை. "பாருங்கடி, என் பொண்ண பீடியால சுட்டு வெச்சிக்கிறான்! நாதி இல்லன்னு நெனச்சிக்கினான்!" என்று வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி குப்பத்தின் கடைசி வீட்டுக்குப் போய்விட்டது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் நூற்றுச் சொச்சம் வீடுகள். அக்கரையில் பழவேற்காடு. படகு ஏறினால்தான் பஸ், கடை, ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம். ஊருக்குள் எது நடந்தாலும் ஊர்ச் சபைதான் தீர்க்கும். சபை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடும். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. இதோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வழக்கு சபைக்கு வந்துவிட்டால், தீர்ப்பு சொல்லும்வரை இரண்டு பக்கத்தாரும் தண்ணீர் தாண்டக் கூடாது. எப்போதோ ஒருத்தன் சபை கூடுவதற்கு முன்னால் அக்கரைக்குப் போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டான். போலீஸ் வந்து பதினொரு ஆம்பளைகளை அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்குப் போட்ட கட்டுப்பாடு இது.

ஊர்த் தலைவர் திருவேங்கடம் கோவிந்தம்மா சொன்னதை எல்லாம் தலையை ஆட்டிக் கேட்டார். வட்டத்தை அவர் பார்க்கவில்லை. பெண்பிள்ளை இடுப்பை எப்படிப் பார்ப்பது? கோவிந்தம்மா சொன்னதே போதுமாக இருந்தது.

"வெள்ளிக்கெழம பேசிக்கலாம். அதுவரைக்கும் பொண்ணு உன்கிட்டயே இருக்கட்டும். யாரும் தண்ணி தாண்டக் கூடாது, தெரியும்ல?"

"தெரியும்ணே. எனக்கு நாயம் கெடச்சா போதும்."

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து வட்டத்தின் மேல் தடவினாள். ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். இரண்டு மணி நேரம் காய்ச்சல் விட்டது, பிறகு முன்னைவிட ஏறியது.

வியாழக்கிழமை காலையில் ஜெகதீஸ்வரன் வந்தான். வாசல்படி ஏறாமல் கீழே மணலில் நின்றான்.

"அத்தே, நான் சுடல. அத்த அப்பால பேசிக்கலாம். அவளுக்கு அஞ்சு நாளா காய்ச்சல் வுடல. சிவகுமார் படகு எடுக்கறேன்னு சொல்ட்டான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்ட்டு வந்து பஞ்சாயத்து வெச்சிக்கலாம்."

"போற வழியில புருசன் சுடலன்னு சொல்லுடின்னு அவள மெரட்றதுக்கா?"

"நீயே வா. நான் வர்ல. நீ இட்டுனு போ."

இதைச் சொன்னபோதாவது கோவிந்தம்மா ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். கட்டுப்பாட்டை மீறச் சொல்லி, சபையில் தன் வழக்கைக் கெடுக்கப் பார்க்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. கருவாட்டுக் கூடையைச் சுமந்து, புருஷன் செத்த ஆறு வருஷமாக ஒற்றை ஆளாக நின்றவள். யார் எங்கே ஏமாற்றுவான் என்று பார்த்துப் பார்த்தே பிழைத்தவள். அந்தப் புத்தி எல்லா இடத்துக்கும் உதவாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"சபையில வந்து பேசு, போ" என்று கதவைச் சாத்தினாள்.

உள்ளே அர்ச்சனா, "யாரும்மா, அவுரா?" என்றாள்.

"யாரும் இல்ல. படு."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அர்ச்சனாவுக்கு மூச்சு வாங்கியது. கஞ்சி உள்ளே போகவில்லை. அப்போதுதான் கோவிந்தம்மாவுக்குப் பயம் பிடித்தது. திருவேங்கடத்தின் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்ணே."

அவர் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "போயி? அங்க சூட்டுக் காயம்னு எய்துவான். போலீஸ் வரும். நீ கேட்ட வழக்குதானே இது? சாயங்காலம் முடிச்சிடலாம். அரை நாள் பொறுக்க மாட்டியா?"

அரை நாள்தானே என்று அவளும் திரும்பி வந்தாள்.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் சபை கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றார்கள். திருவேங்கடம் எப்போதும்போல, "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று சொல்லித் துவக்கினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைச் சொல்லுவார். சொன்னதோடு சரி.

கோவிந்தம்மா பேசினாள். நன்றாகவே பேசினாள். போன தீபாவளிக் கன்னத்திலிருந்து ஆரம்பித்தாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

ஜெகதீஸ்வரன் எழுந்து, "அறைஞ்சது நெசம். அது தப்புதான். சுடல. அம்மன் முன்னால சூடம் அணைக்கிறேன்" என்றான்.

"எல்லாக் களவாணியும் சூடம் அணைப்பான்" என்று ஒரு குரல். "பொண்ணையே கேட்டுடலாம்" என்று இன்னொன்று.

இரண்டு பெண்கள் அர்ச்சனாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மணலில் உட்கார வைத்ததும் ஒருபக்கமாகச் சாய்ந்தாள். திருவேங்கடம் குனிந்து, "இன்னாமா ஆச்சு? சொல்லு, பயப்படாத" என்றார். அர்ச்சனா அவரை உற்றுப் பார்த்தாள். "நைனா வலை எடுத்துட்டு வந்துட்டாரா?" என்றாள்.

அவள் அப்பா செத்து ஆறு வருஷம்.

"பாவி, புத்தி பெரள்ற அளவுக்குப் பண்ணி வெச்சிக்கிறான்" என்றாள் ஒருத்தி.

ஆண்கள் மத்தியில் வாதம் கிளம்பியது. பெண் வாயால் வரவில்லை, பையன் மறுக்கிறான், எப்படித் தீர்ப்பு சொல்வது? அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வைக்கலாம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். திருவேங்கடமும், "அதான் மொறை" என்றார்.

ஜெகதீஸ்வரன் அர்ச்சனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தது.

"சுட்டேன்" என்றான்.

"இன்னா?"

"நான்தான் சுட்டேன். பீடியால. ஒத்துக்கறேன். தீர்ப்ப சொல்லிட்டு படகு வுடுங்க." அப்படியே குப்புற விழுந்து சபையைக் கும்பிட்டான்.

கோவிந்தம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிப் போனது.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறை பிரித்துக்கொள்வதைப் பாடு என்பார்கள். ஜெகதீஸ்வரனுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. "இன்னொண்ணு கீதுண்ணே" என்றாள் கோவிந்தம்மா. "இனிமே என் பொண்ணு கண்ணு முன்னால இவன் வரக் கூடாது." அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சிவகுமாரின் இன்ஜின் படகில் அர்ச்சனாவைப் படுக்க வைத்தார்கள். கடல் உள்வாங்கி ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்ததால் படகு சேற்றில் தட்டியது. தள்ள ஆள் வேண்டும். ஜெகதீஸ்வரன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பின்னாலிருந்து முதுகைக் கொடுத்துத் தள்ளினான். அவள் கண் முன்னால் வரக் கூடாது அல்லவா, அதனால் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். ஆழம் வந்ததும் படகு போய்விட்டது. அவன் அங்கேயே நின்றான்.

பாதி ஏரி தாண்டியபோது அர்ச்சனாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

"அவுரு வர்லியா?"

"அவன் எதுக்குடி? நீ மறச்ச, அவனே சபையில ஒத்துக்கினான். பீடியால சுட்டேன்னு வாயால சொல்ட்டான்."

அர்ச்சனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. பெரிய களைப்போடு பார்த்தாள்.

"அவுரு சுடலமா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

பொன்னேரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஒரு டாக்டரம்மா வந்தாள். வயசு அர்ச்சனாவைவிட நாலைந்துதான் கூட இருக்கும். அக்குள், கழுத்து, மார்புக்கு அடியில் என்று உடம்பு முழுக்க எதையோ தேடினாள். இடுப்பில் மஞ்சள் பூச்சைத் துடைத்ததும் கை நின்றது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"மருமவன் பீடியால சுட்டது, டாக்டரம்மா. அவனே ஒத்துக்கினான்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சூடு இல்லம்மா இது. பூச்சி கடிச்ச இடம்."

"பூச்சியா?"

"புதர்லயும் புல்லுலயும் இருக்கும். கண்ணுக்கே தெரியாது. உடம்புல ஏறி, துணி இறுக்கமா இருக்குற இடத்துல நின்னு கடிக்கும். வலிக்காது. கடிச்ச இடம் இப்படிக் கருகிப் போயிடும். பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும். பார்த்தா சூடு மாதிரியே இருக்கும். கட்டின்னு நெனச்சு டாக்டருங்களே ஏமாந்திருக்காங்க. விறகு வெட்ட, புல்லு அறுக்கன்னு புதர்ப் பக்கம் போனாங்களா?"

கோவிந்தம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பு நடந்தது ஞாபகம் வந்தது. மழையில் படகு ஓடாமல் காஸ் சிலிண்டர் வராத வாரம் அது. முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீருக்கு வழியில்லை என்று அவள்தான் புலம்பினாள். அர்ச்சனா சீமைக்கருவேலம் புதருக்குள் போய் மூன்று கட்டு விறகு வெட்டி வந்து அவள் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

"போனா" என்றாள். "எனக்குத்தான். எனக்கு வெறகு."

"உங்க பொண்ணு வலிக்கலன்னு சொல்லலையா?"

"சொன்னா."

 டாக்டரம்மா, ஊசி போட்டிருப்பதாகவும், மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும் என்றும், நுரையீரலும் சிறுநீரகமும் ரொம்பக் கெட்டிருக்கிறது என்றும் சொன்னாள். "புதன்கிழமை வந்திருந்தா?" என்று கோவிந்தம்மா கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். "நாலு மாத்திரைல சரியாகியிருக்கலாம்" என்று அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கோவிந்தம்மா படி இறங்கினாள். அவன் வந்திருப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரத்தில் ஜெகதீஸ்வரன் நின்றிருந்தான். லுங்கியில் ஏரிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் பின்னால் நகர்ந்தான்.

"அவ கண்ணு முன்னால வர்ல அத்தே. இங்கியே நிக்கிறேன்."

"சுடாதவன் ஏன்டா சுட்டேன்னு சொன்ன?"

"சொல்லலன்னா படகு வுட்டிருப்பீங்களா?"

கோவிந்தம்மா தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்தாள். அவன்தான் தூக்கி நிறுத்தினான்.

"நீ போ மேல" என்றாள். "போய் பாரு."

"ஊரு..."

"ஊரு கெடக்குது. போ."

அவன் போனபோது அர்ச்சனாவின் தொண்டையில் மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். கண்ணை மூடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை அவன் அவள் காலருகே நின்றான். அவள் கண் திறக்கவே இல்லை. மத்தியானம் உயிர் போனது.

திங்கட்கிழமை சிவகுமாரின் படகு கரை தட்டியபோது ஊரே தண்ணீரோரம் நின்றது. உடம்பைத் தூக்கப் போன ஜெகதீஸ்வரனைத் திருவேங்கடம் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ தொடக் கூடாது. நீ கொன்ன பொண்ணு."

"அண்ணே!" கோவிந்தம்மா படகிலிருந்து தண்ணீரில் குதித்தாள். "அவன் சுடல. பூச்சி கடிச்சது. டாக்டரம்மா சொன்னாங்க. எய்தியே குட்த்தாங்க, பாரு." மார்பில் மடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினாள். நனைந்திருந்தது. எல்லாம் ஆங்கிலம். திருவேங்கடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே வைத்தார்.

"துக்கத்துல பேசற, கோவிந்தம்மா. இந்த ஏரியில நம்மளக் கடிக்காத பூச்சி எது? பூச்சி கடிச்சி யாராவது சாவாங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கினான். நூறு பேரு கேட்டோம்."

"படகுக்காவ ஒத்துக்கினான்ணே!"

"மாமியாளையே மடக்கிட்டான் பாரு" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது நன்றாகக் கேட்டது.

கோவிந்தம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "பொதங்கெழம நான் ஒண்ணு சொன்னேன். ஒருத்தராவது இன்னா ஏதுன்னு கேட்டீங்களா? சொன்னதும் நம்புனீங்களே! அதே வாய்தானே இது? இப்ப ஏன் நம்ப மாட்டேன்றீங்க?"

நான்கு பேர் இறங்கி உடம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொள்ளியை அர்ச்சனாவின் சித்தப்பன் வைத்தான். ஜெகதீஸ்வரன் படகிலேயே இருந்தான். புகை அடங்கிய பிறகு அதே படகில் அக்கரைக்குத் திரும்பினான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான் என்று பிறகு சொன்னார்கள்.

கோவிந்தம்மா இப்போதும் வெள்ளிக்கிழமை தோறும் சபைக்கு வருகிறாள். பெண்கள் பக்கம், முதல் வரிசையில், அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். திருவேங்கடம் கண்ணால் கண்டதும் பொய் என்று ஆரம்பிப்பார். அவள் "அண்ணே" என்பாள். "அது முடிஞ்சி போன வழக்குமா" என்று சொல்லிவிட்டு, வலை கிழிந்தவன் யார், பாடு தப்பியவன் யார் என்று அடுத்ததைக் கூப்பிடுவார்.